ஊரே வெறுக்கும் ஒருவருக்கு வக்கீல் ஆஜராகலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை 6 ஆண்டுகளாக மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறார். ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் கைதானவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த நிலையில், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு உங்கள் தங்கையை அந்த ஆளுக்கு நியமித்திருக்கிறது. தெருவில் பேச்சு, உறவினர் வீட்டில் பேச்சு. "விலகிவிடு என்று சொல்லட்டுமா? இப்படிப்பட்டவனுக்கு வாதாடுவது நியாயம்தானா?" என்று கேட்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன: சங்கத்தின் தீர்மானம் செல்லுமா, ஒரு வக்கீல் தனிப்பட்ட முறையில் மறுக்கலாமா, வாதாடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகமா. முதல் கேள்விக்குச் சட்டத்தில் திட்டவட்டமான விடை இருக்கிறது. இரண்டாவதற்கு அரைகுறையாகத்தான் இருக்கிறது. உங்களை உண்மையில் உறுத்துவது மூன்றாவது என்று நினைக்கிறேன். அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

தீர்மானம் செல்லாது. இதில் ஐயத்துக்கே இடமில்லை. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே சொல்லிவிட்டது. அந்த வழக்கு கோயம்புத்தூரிலிருந்து போனது. அங்கே சங்கம் யாருக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்: ஒரு வக்கீலைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு எதிராக. இன்றைக்குச் சிறுமி வழக்கில் கைதானவர், அன்றைக்குப் போலீஸ்காரர், நாளைக்கு யார் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே சட்டவிரோதம், தொழில் நெறிக்கு எதிரானவை, அவற்றை வக்கீல்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று தீர்ப்பு முடிகிறது. சமூகம் எவ்வளவு கேடுகெட்டவர் என்று கருதினாலும் அவருக்குத் தற்காப்பு உண்டு, அதைச் செய்து கொடுப்பது வக்கீலின் கடமை என்றும் அதில் இருக்கிறது. இதற்கு அடிப்படை அரசியலமைப்பின் பிரிவு 22(1). கைதான ஒருவர் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அவர் மூலம் தற்காத்துக்கொள்ளவும் அது உரிமை தருகிறது. வசதி இல்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் வைக்க வேண்டும் என்பது பிரிவு 39-ஏ, அதன்வழி வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 341 ஆகியவற்றின் ஏற்பாடு. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது.

சங்கம் வேறு, வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சங்கம் என்பது வக்கீல்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம், அவ்வளவுதான். தொழில் உரிமத்தில் கை வைக்கும் அதிகாரம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு மட்டுமே உண்டு. சங்கத் தீர்மானத்தை மீறியதற்காக உங்கள் தங்கையின் பதிவுக்கு எந்த ஆபத்தும் வராது.

சட்டம் ஏன் இப்படி இருக்கிறது? 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவறையில் 7 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் போலீஸ் அன்றைக்கே பிடித்தது. அவர் கேமரா முன்னால் ஒப்புக்கொண்டதை நாடே பார்த்தது. அங்குள்ள வக்கீல்களும் யாரும் ஆஜராவதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது. நவம்பரில் அதே பள்ளியின் 11-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பிடிபட்டான். 2018 பிப்ரவரியில் நடத்துநர் வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டார். கேமரா முன் ஒப்புக்கொண்டார் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. போலீஸ் காவலில் சொல்லும் ஒப்புதலை நீதிமன்றம் ஏற்பதில்லை, அதற்குக் காரணம் இப்படிப்பட்ட வழக்குகள்தான். எல்லோரும் மறுத்திருந்தால் அந்த மனிதருக்கு ஜாமீன் மனுப் போடவும் ஆள் இருந்திருக்காது.

அப்பாவியாக இருந்தால் சரி, கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மும்பைத் தாக்குதல் வழக்கைப் பாருங்கள். அஜ்மல் கசாப்பைத் துப்பாக்கியோடு உலகமே பார்த்தது. அவருக்கும் வக்கீல் வைக்கப்பட்டது, உச்ச நீதிமன்றம் வரை வாதம் நடந்தது, தண்டனை உறுதியானது. அதே வழக்கில் அவரோடு நிறுத்தப்பட்ட இரண்டு இந்தியர்கள் 2010-இல் விடுதலையானார்கள், அந்த விடுதலை உச்ச நீதிமன்றம் வரை நிலைத்தது. அவர்களில் ஒருவருக்காக வாதாடிய ஷாகித் ஆஸ்மி, தீர்ப்பு வருவதற்கு முன்பே தன் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே கூண்டில் நின்ற மூவரில் யார் செய்தது, யார் செய்யவில்லை என்று பிரித்தறிய விசாரணை ஒன்றுதான் வழி. சென்னையிலும் இது நடந்தது. 2018-இல் அயனாவரம் சிறுமி வழக்கில் கைதானவர்களை நீதிமன்ற வளாகத்திலேயே வக்கீல்கள் அடித்தார்கள். யாரும் ஆஜராக மாட்டோம் என்று சங்கத்திலிருந்து அறிவிப்பும் வந்தது. ஆனாலும் விசாரணை முறையாக நடந்தது. 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது 17 பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார், 15 பேருக்குத் தண்டனை, ஒருவர் விடுதலை. அந்த ஒருவரும் அன்றைக்குக் கைதானவர்களில் ஒருவர்தான்.

இனி நீங்கள் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்ல வக்கீல் இல்லாமல் போனால் அதிகம் இழப்பது பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மத்தியப் பிரதேசம் காண்ட்வாவில் 2013-இல் 9 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் சட்ட உதவி வக்கீலை நியமித்ததும் நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்ததும் ஒரே நாளில் நடந்தன. வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கக்கூட நேரமில்லை. இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனையும் அறிவிக்கப்பட்டது. வேகமான நீதி என்று எல்லோரும் பாராட்டினார்கள். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அனோகிலால் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற தீர்ப்பில், தற்காப்பு என்பது பெயரளவுக்கே இருந்தது என்று தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மறுபடியும் தண்டனை, மறுபடியும் மேல்முறையீடு, மரபணு நிபுணரின் சாட்சியம் சரியாகப் பதிவாகவில்லை என்று மறுபடியும் திருப்பி அனுப்பல். கடைசியில் 2024-இல் விடுதலை. 11 ஆண்டுகள் போய்விட்டன. அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு யார் செய்தது என்ற விடை கிடைக்கவே இல்லை. முதல் இரண்டு வாரத்தில் ஒரு தேர்ந்த வக்கீல் அந்த மரபணு அறிக்கையைக் கேள்வி கேட்டிருந்தால், ஒன்று அரசுத் தரப்பு அப்போதே அதைச் சரியாக நிரூபித்திருக்கும், அல்லது போலீஸ் வேறு ஆளைத் தேடியிருக்கும்.

குறுக்கு விசாரணை என்றால் சிறுமியை நிற்க வைத்து அவமானப்படுத்துவது என்று வெளியில் ஒரு எண்ணம் இருக்கிறது. முன்பு அப்படி நடந்ததுண்டு, அதற்காக வக்கீல்கள் வெட்கப்பட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 33 அந்த வழியை அடைத்துவிட்டது. வக்கீல் குழந்தையிடம் நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். நடத்தையைக் குறைத்துப் பேசும் கேள்விகளை நீதிபதி அனுமதிக்கக் கூடாது. குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரையோ காணொளியோ வைக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைக்கவும் கூடாது. ஆகவே ஒரு போக்சோ வழக்கில் தற்காப்பு வக்கீலின் உண்மையான வேலை காகிதங்களில்தான் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, நீதிமன்றத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது? மகஜரில் (பொருட்களைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில்) கையெழுத்துப் போட்டவர் நிஜமாகவே அந்த இடத்தில் இருந்தாரா? துணியையும் ரத்த மாதிரியையும் எடுத்த தேதி என்ன, கைப்பற்றிய பொருட்களுக்கான படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதி என்ன, தடய அறிவியல் கூடத்தில் வாங்கிய தேதி என்ன, நடுவில் அது யார் கையில் இருந்தது, சீல் உடையாமல் போனதா? சி.சி.டி.வி. பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) சான்றிதழ் இரண்டு பகுதிகளும், பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் சேர்த்து இருக்கிறதா? சிறுமியின் வயதுக்குப் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருக்கிறதா? இந்தக் கேள்விகளில் எதுவும் குழந்தையைத் தொடவில்லை, எல்லாம் விசாரணை அதிகாரியை நோக்கியவை. கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் போலீஸ் அடுத்த வழக்கில் சீலை ஒழுங்காக வைக்கும்.

வக்கீலுக்கும் எல்லை உண்டு. பார் கவுன்சில் விதிகள் அவரைக் கட்சிக்காரரின் (தான் யாருக்காக வாதாடுகிறாரோ அவரின்) வெறும் ஊதுகுழலாக இருக்கக் கூடாது என்கின்றன. பொய்ச் சாட்சி தயார் செய்வது, பாதிக்கப்பட்ட வீட்டுக்கு ஆள் அனுப்பி "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்வது, சாட்சியைக் கலைப்பது எல்லாம் தற்காப்பு ஆகாது, அது குற்றம். சமரசம் பேசுவதுதான் இத்தகைய வழக்குகளில் அடிக்கடி நடக்கும் உண்மையான அநியாயம். போக்சோ வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கொன்றில் தெளிவாகச் சொன்ன பிறகும் கிராமங்களில் இது ஓயவில்லை. ஊர் கோபப்பட வேண்டிய இடம் அது. இந்த மாதிரி வேலை செய்யும் வக்கீல் மீது கையெழுத்திட்டு உறுதிமொழியோடு பார் கவுன்சிலுக்குப் புகார் மனு கொடுக்கலாம்.

கட்சிக்காரர் "ஆமாம், நான்தான் செய்தேன்" என்று வக்கீலிடம் தனியாகச் சொல்லிவிட்டால்? இங்கேதான் ஐயம் தொடங்குகிறது. அதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது உறுதி. புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு அதைக் காக்கிறது, நியமனம் முடிந்த பிறகும் காக்கிறது. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. "அவர் அங்கே இல்லவே இல்லை" என்று பொய்யான வாதத்தை வக்கீல் முன்வைக்கக் கூடாது என்பதும் உறுதி. அரசுத் தரப்புச் சான்று போதாது என்று வாதாடலாம் என்பதும் உறுதி. ஆனால் உண்மை பேசுகிறார் என்று தனக்கே தெரிந்த ஒரு சாட்சியை நம்ப முடியாதவராகக் காட்டும் அளவுக்குக் குறுக்கு விசாரணை செய்யலாமா என்பதை நமது விதிகள் வரையறுத்துச் சொல்லவில்லை. சீனியர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. கூடாது என்பது என் கருத்து. சான்றின் ஓட்டையைக் காட்டுவது வேறு, உண்மையைப் பொய்யாக்குவது வேறு.

அதேபோல ஒரு வக்கீல் தனிப்பட்ட முறையில் மறுக்கலாமா என்பதும் முழுத் தெளிவான விஷயம் இல்லை. பார் கவுன்சில் விதி 11, தன் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணம் தந்தால் வழக்கை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்கிறது. அடுத்த வரியிலேயே, சிறப்புச் சூழ்நிலைகளில் மறுக்கலாம் என்கிறது. எவை சிறப்புச் சூழ்நிலைகள் என்ற பட்டியல் இல்லை. பாதிக்கப்பட்டவர் உறவினர், ஏற்கெனவே எதிர்த்தரப்புக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார், தானே சாட்சியாக வேண்டி வரும் என்பவை எல்லோரும் ஏற்கும் காரணங்கள். "என் மனசாட்சி ஒப்பவில்லை" என்பது காரணம் ஆகுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால், மனம் ஒப்பாமல் அரைமனதோடு நடத்துவதைவிட ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. விதி 15 மட்டும் ஐயமில்லாதது: குற்றம் செய்தாரா என்பது பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொண்ட வழக்கில் தற்காக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு விலகுவதற்குத் தக்க காரணமும் போதிய அவகாசம் தரும் அறிவிப்பும் தேவை, இது விதி 12.

உங்கள் தங்கையின் விஷயத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்று. மேலே சொன்ன 2019 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்க வாய்ப்புள்ள வழக்குகளில் சட்ட உதவி மூலம் நியமிக்கப்படும் வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு தொழில் அனுபவம் இருக்க வேண்டும். தயாராகக் குறைந்தது 7 நாள் அவகாசமும் தர வேண்டும், கைதானவரைச் சந்திக்கவும் விட வேண்டும். அவருக்கு 6 ஆண்டுகள்தான் என்கிறீர்கள். குற்றப்பத்திரிகை போக்சோ பிரிவு 4 அல்லது 6-இல் இருந்தால் ஆயுள் வரை போகும் (பிரிவு 6-இல் மரண தண்டனையும் உண்டு), ஆகவே அந்த நிபந்தனை பொருந்தும். பிரிவு 8 அல்லது 10 மட்டும் என்றால் உச்சபட்சமே 5, 7 ஆண்டுகள்தான், நிபந்தனை பொருந்தாது. முதல் தகவல் அறிக்கையின் பிரிவுகளைப் பார்த்துவிட்டு, பொருந்துமானால் ஆணைக்குழுவின் செயலாளரான நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: இந்தத் தீர்ப்பின்படி தலைமைத் தற்காப்பு வழக்கறிஞரையோ 10 ஆண்டு அனுபவமுள்ள வேறொருவரையோ நியமிக்க வேண்டும், அதுவரை நான் ஆஜராகிறேன், பிறகு அவருக்குத் துணையாக இருக்கிறேன் என்று. ஊருக்குப் பயந்து ஓடியதாகவும் ஆகாது, இத்தனை பெரிய வழக்கைத் தனியே சுமப்பதாகவும் ஆகாது. முக்கியமாக, நாளைக்கு மேல்முறையீட்டில் இதையே காரணம் காட்டித் தண்டனையை உடைக்க முடியாமல் போகும்.

அந்த இடைக்காலத்தில் செய்யாமல் விட்டால் திருத்த முடியாத வேலைகள் சில உண்டு. கைதானவரின் வயதை உறுதி செய்ய வேண்டும். 18-க்குக் கீழ் என்றால் வழக்கு சிறார் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும், இதைக் கவனிக்காமல் விசாரணை நடந்தால் விதித்த தண்டனை பின்னால் நிலைக்காது. சிறையில் நேரில் பார்க்க வேண்டும். ரிமாண்ட் (காவல்) நீட்டிப்பு தேதிகளை எண்ணிவர வேண்டும், 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். 187(3)-இன்படி உண்டு. அன்றைக்கே கேட்காமல், குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆவண நகல்களை 14 நாளுக்குள் இலவசமாக வாங்க வேண்டும். வழக்குக் கட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது பொறுப்பாகாது.

ஊருக்கு அந்தக் குடும்பத்துக்கு உதவும் எண்ணம் இருந்தால், தீர்மானத்தைவிடப் பயன்படும் வழிகள் இருக்கின்றன. குழந்தையின் தரப்புக்கும் இலவச வக்கீல் கேட்கலாம், போக்சோ பிரிவு 40 அந்த உரிமையைத் தருகிறது. அந்த வக்கீல் தானே குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அரசு வழக்கறிஞருக்குக் கேள்விகளைக் கொடுத்து உதவலாம், நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். ஜாமீன் மனு வரும்போது அந்தத் தரப்பையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. தீர்மானம் போட்ட சங்கத்தில் இரண்டு பேர் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த மனுவை எழுதிக் கொடுத்தால் குழந்தையின் மருத்துவச் செலவுக்காவது வழி பிறக்கும்.

உங்கள் பங்குக்கு, வழக்கைப் பற்றித் தங்கையிடம் எதுவும் கேட்காதீர்கள். கட்சிக்காரர் சொன்னதை அவர் உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது, கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். சிறுமியின் பெயர், பள்ளி, தெரு எதையும் நீங்கள் யாரிடமும் எழுதவோ பகிரவோ வேண்டாம், அது தனிக் குற்றம். மிரட்டல் செய்தி வந்தால் அழிக்காமல் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீதிமன்ற வளாகத்தில் யாராவது தடுத்தால் அன்றைக்கே விசாரிக்கும் நீதிபதியிடம் மெமோவாக எழுதிக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், ஒரு நகலை முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவரும் அவரே என்பதால், தாங்கள் நியமித்த வக்கீலுக்கு வந்த மிரட்டலை அவர் கவனத்துக்குக் கொண்டுபோவது முக்கியம்.